மணலில் தெரியாத வித்தியாசம்

2005ஆம் ஆண்டு மாசி மாதம். சுனாமியில் கடல் ஊருக்குள் வந்து போய் இரண்டு மாதம்கூட நிறையவில்லை. மட்டக்களப்பு கல்லடிப் பக்கம் ஒரு முகாமில் மொழிபெயர்ப்பாளராக வேலை செய்துகொண்டிருந்தேன். வெளிநாட்டிலிருந்து வந்த ஓர் உதவி நிறுவனம். ஒவ்வொரு குடும்பத்தோடும் இருந்து பேசி, அவர்கள் சொல்வதை ஆங்கிலத்தில் எழுதிக் கொடுக்க வேண்டும். அதுதான் என் வேலை.

நாவலடியைச் சேர்ந்த மாமி ஒருவர் இருந்தார். கடலுக்கும் வாவிக்கும் நடுவில் ஒடுங்கிக் கிடக்கிற மணல் துண்டு அந்த ஊர். அங்கே அவருடைய வீட்டில் அத்திவாரமும் கிணற்றுக்கட்டில் பாதியும்தான் மிச்சம். இரவில் நித்திரை வருகிறதா என்று கேட்டேன். அவர் சொன்னது இன்றைக்கும் காதில் நிற்கிறது.

"விடியச்சாமம் நாலு மணியிருக்கும் மகள். புள்ளையள் நல்ல நித்திரை. ஒருத்தரையும் எழுப்பாம களவா எழும்பிப் போய், எங்கட வளவைப் பாத்துட்டு, கிணத்துக்கட்டில கொஞ்சம் இருந்துட்டு, விடியிறதுக்கு முன்னம் வந்துருவன்."

கடல் பக்கம் போகிறார் என்று தெரிந்தால் பிள்ளைகள் கத்தி அழும். அதனால்தான் அந்த நேரம், அதனால்தான் அந்தக் களவு. இது எல்லாம் எனக்கு விளங்கியது. விளங்கியும், தாளில் அவர் ஒவ்வொரு இரவும் முகாமை விட்டு 'ஸ்னீக் அவுட்' (sneak out) பண்ணுகிறார் என்று எழுதினேன். 'களவா' என்ற சொல்லுக்கு நேராக வந்து நின்ற ஆங்கிலச் சொல் அதுதான். இரண்டாவது தடவை யோசிக்கவில்லை.

அடுத்த கிழமை பொறுப்பதிகாரி என்னைக் கூப்பிட்டார். அந்தப் பெண் யாருக்கு ஒளித்துப் போகிறார், போய் எதைக் கொண்டுவருகிறார் என்று கேட்டார். குரலில் கோபம் இல்லை. அவர் வாசித்த வசனத்தில் இருந்து யாருக்கும் வரக்கூடிய கேள்விதான் அது. ஆனால் அதற்குள் விசயம் முகாம் குழுவுக்குப் போய்விட்டது. குழுவில் இருந்தவர்கள் மாமியைக் கூப்பிட்டு, ராவைக்கு எங்கே போகிறாய் என்று நாலு பேருக்கு முன்னால் விசாரித்திருக்கிறார்கள். நான் போனபோது கூடாரத்து வாசலில் இருந்தார். முகத்தை நிமிர்த்தாமல் ஒன்றுதான் கேட்டார்: "நான் என்னத்தக் களவெடுத்தன் மகள்?"

அந்தச் சொல்லை முதலில் சொன்னவர் அவர்தான். அவர் வாயில் அது பிள்ளையின் நித்திரையைக் கலைக்காத சொல். என் பேனை வழியாகப் போய், இன்னொரு வாய் வழியாகத் திரும்பி வந்தபோது திருட்டாகிவிட்டது. அன்றைக்கே அந்த வசனத்தை வெட்டிவிட்டு, 'விடிவதற்கு முன் எழும்பி, பிள்ளைகளை எழுப்பாமல் சத்தமின்றிப் போகிறார். தன் வீடு இருந்த இடத்தில் இருந்துவிட்டு வருகிறார்' என்று சாதாரண ஆங்கிலத்தில் எழுதிக் கொடுத்தேன். வெறும் 'கோ'வும் 'குவயட்லி'யும் போதுமாக இருந்தது. அதிகாரி அதை வாசித்தார். பிறகு கேள்வி எதுவும் வரவில்லை. ஆனால் மாமி அதற்குப் பிறகு என்னிடம் நீளமாகப் பேசவே இல்லை.

இப்போது களுவாஞ்சிகுடியில் வீட்டிலேயே ஆங்கில வகுப்பு நடத்துகிறேன். சாதாரண தரப் பரீட்சைக்கும் உயர்தரப் பரீட்சைக்கும் படிக்கிற பிள்ளைகள். 20 வருடம் ஆகியும், சத்தம் போடாமல் நடப்பதைச் சொல்லும் ஆங்கிலச் சொற்கள் பாடத்தில் வந்தால் நான் அவசரப்படுவதில்லை. ஒரு பின்னேரம் முழுக்கப் போனாலும் போகட்டும் என்று அதிலேயே நிற்பேன்.

பிரச்சினை எங்கே தொடங்குகிறது என்றால், நாங்கள் பாவிக்கிற சின்ன அகராதிகளில். ஸ்னீக் (sneak), க்ரீப் (creep), ஸ்லிங்க் (slink), ப்ரௌல் (prowl), ஸ்கல்க் (skulk) என்று எதைத் தேடினாலும் 'பதுங்கிச் செல்', 'மறைந்து செல்' என்று ஒரே பதில்தான் கிடைக்கும். பிள்ளை என்ன செய்யும்? ஐந்தும் ஒன்று என்று நினைத்து, கட்டுரையில் அழகாக இருக்கட்டும் என்று மாற்றி மாற்றிப் போடும். தன் அம்மா அடுப்படிக்குள் 'ப்ரௌல்' பண்ணினார் என்று ஒரு பிள்ளை எழுதியிருந்தாள். இலக்கணப் பிழை ஒன்றுமில்லை. ஆனால் வாசிக்கிற ஆங்கிலேயன் கண்ணுக்கு அந்த அம்மா இரை தேடித் திரிகிற மிருகமாகத் தெரிவார்.

இதற்கு வழி தேடித்தான் ஒருநாள் வகுப்பை முற்றத்துக்குக் கொண்டுபோனேன். எங்கள் முற்றம் முழுக்க வெள்ளை மணல். காலையில் கூட்டிவிட்டால் காகம் நடந்தாலும் தடம் தெரியும். துண்டுக் கடதாசியில் ஒவ்வொரு சொல்லாக எழுதி மடித்துப் போட்டேன். ஒரு பிள்ளை ஒன்றை எடுத்து, மாமரத்தடியில் இருந்து கிணற்றடி வரைக்கும் அந்தச் சொல்லின்படி நடக்க வேண்டும். மற்றவர்கள் உள்ளே இருந்துவிட்டு, நடந்து முடிந்த பிறகு வந்து தடத்தை மட்டும் பார்த்து, எந்தச் சொல் என்று சொல்ல வேண்டும்.

டிப்டோவை (tiptoe) உடனே பிடித்துவிட்டார்கள். ஐந்து விரல்களும் பாதத்தின் முன்பக்கமும் ஆழமாகப் பதிந்திருந்தன. குதிக்கால் பதியவே இல்லை. சைடிலும் (sidle) லேசு. தடங்கள் போகிற திசைக்குக் குறுக்காகக் கிடந்தன, ஒரு கால் மற்றக் காலைத் தேடி வந்து சேர்ந்த மாதிரி. "நண்டு டீச்சர்" என்றான் ஒருவன். கடற்கரைப் பிள்ளைக்கு வேறு விளக்கம் தேவைப்படவில்லை. க்ரீப்புக்குத் தடங்கள் நெருக்கமாக, ஒன்றின் குதிக்காலில் மற்றதன் விரல் முட்டுகிற அளவில் இருந்தன. பாரத்தை மெதுவாக இறக்கி வைத்ததால் விளிம்பு உடையாமல் வட்டமாக நின்றது.

பிறகு ஸ்னீக், ஸ்டீல் (steal), ஸ்லிங்க் மூன்றையும் வெவ்வேறு பிள்ளைகள் நடந்தார்கள். தடம் பார்க்க வந்தவர்கள் குனிந்தார்கள், இருந்தார்கள், தடத்தோடு தங்கள் காலை வைத்துப் பார்த்தார்கள். ஒருவராலும் பிரித்துச் சொல்ல முடியவில்லை. மூன்றும் ஒரே மாதிரி, கவனமாக வைத்த காலடிகள்தான். கடைசியில் செட்டிபாளையத்தில் இருந்து வருகிற பிள்ளை ஒருத்தி எழும்பிக் கையைத் தட்டிவிட்டு, "டீச்சர், இது காலில இல்ல. நடக்கிறவர்ட மனசுக்குள்ள இருக்கு" என்றாள்.

அதைத்தான் நான் அந்த முகாமில் தெரிந்திருக்க வேண்டும். ஆங்கிலத்தில் இந்தச் சொற்களில் சில, கால் எப்படி வைக்கப்பட்டது என்று சொல்கின்றன. டிப்டோ, க்ரீப், சைடில் அந்தப் பக்கம். மற்றவை, ஏன் ஒளிக்கிறார் என்று சொல்கின்றன. அந்த இரண்டாவது வகையை எழுதும்போது நடக்கிறவரைப் பற்றி நாங்களே ஒரு தீர்ப்பை எழுதிவிடுகிறோம், கேட்காமலே.

ஸ்னீக்கை எடுங்கள். ஒருவர் கண்டால் தடுப்பார், அல்லது கோபிப்பார் என்று தெரிந்துகொண்டு போவது அது. அந்த 'தடுக்கிறவர்' வசனத்தில் இல்லாவிட்டாலும் பின்னால் நின்றுகொண்டே இருப்பார். பள்ளிக்கூட மதிலால் ஏறிக் குதித்து மட்ச் பார்க்கப் போகிற பையன்களுக்கு அளவெடுத்துத் தைத்த சொல். பாரமான குற்றம் இருக்க வேண்டும் என்று இல்லை, குறும்புக்கும் வரும். அத்தோடு இந்தச் சொல்லுக்கு ஒரு வசதி உண்டு. ஆளைப் போல பொருளையும் கொண்டுபோகும். ஒரு பார்வையை ஸ்னீக் பண்ணலாம், ஒரு பிஸ்கட்டை ஸ்னீக் பண்ணலாம், மதுக்கடை மூடியிருக்கிற நோன்மதி தினத்தில் எதையாவது உள்ளே ஸ்னீக் பண்ணிக் கொண்டுவரலாம். க்ரீப்பை அப்படிப் பாவிக்க முடியாது. பிஸ்கட்டை க்ரீப் பண்ணினேன் என்று எழுதினால் வசனம் உடைந்துவிடும். றப்பர் அடி வைத்த சப்பாத்துக்கு அமெரிக்காவில் ஸ்னீக்கர் என்று பெயர் வந்ததும் நடக்கும்போது சத்தம் கேட்காது என்பதால்தான். பிள்ளைகளுக்கு இதைச் சொன்னால் அந்தச் சொல் மறக்காது.

இறந்த காலம் ஸ்னீக்டா, ஸ்னக்கா என்று ஒவ்வொரு வருடமும் யாராவது கேட்பார்கள். படங்களில் ஸ்னக் என்றுதான் கேட்டிருப்பார்கள். பழையது ஸ்னீக்ட். ஸ்னக் 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் அமெரிக்காவில் தலைகாட்டி இப்போது பரவலாகிவிட்டது. பேசும்போது எதுவும் சரி. சோதனைத் தாளில் ஸ்னீக்ட் எழுதுங்கள் என்பேன், திருத்துகிறவர் யார் என்று எங்களுக்குத் தெரியாது.

ஸ்லிங்க் எனக்கு விளங்கியது எங்கள் வீட்டு நாயிடம் இருந்து. குசினியில் வெட்டி வைத்திருந்த மீன்தலையை எடுத்துத் தின்றுவிட்டது. நான் வாசலில் நிற்பதைக் கண்டதும் காது இரண்டும் பின்னால் போயிற்று. முதுகு வளைந்து, வயிறு சீமெந்து நிலத்தைத் தொடுகிற மாதிரித் தாழ்ந்து, வால் பின்காலுக்கு நடுவில் ஒளித்தது. சுவரோடு சுவராக, கண்ணைப் பார்க்காமல், என்னைக் கடந்து வெளியில் போனது. நான் ஏசவும் இல்லை, துரத்தவும் இல்லை. அந்தப் போக்குத்தான் ஸ்லிங்க். வெட்கமோ பயமோ உடம்பை வளைக்க, அந்த வளைவோடு போவது. பிள்ளைகளுக்கு ஒரு பிடி கொடுப்பதற்காக, ஸ்னீக் பெரும்பாலும் காரியத்துக்கு முன்னால், ஸ்லிங்க் பெரும்பாலும் காரியத்துக்குப் பின்னால் என்று சொல்லிவைத்திருக்கிறேன். எல்லா இடத்திலும் பொருந்தாது. ஆனால் ஸ்லிங்க்குக்குப் பின்னால் 'அவே'யும் 'ஆஃப்'பும் அடிக்கடி வருவதைப் பார்த்தால் அந்தப் பிடி சரி என்று தெரியும். விலகிப் போகிறவருடைய சொல் அது. இறந்த காலம் ஸ்லங்க். ஸ்லிங்க்ட் என்று எழுதுகிறவர்களும் உண்டு, வழக்கில் நிற்பது ஸ்லங்க்தான்.

ப்ரௌலுக்கு வருவோம். அதற்கு நல்ல தமிழ் எனக்கு நெடுங்காலம் கிடைக்கவில்லை. அதைக் கண்டுபிடித்துத் தந்ததும் ஒரு மாணவிதான், மெதடிஸ்த சபைப் பிள்ளை. புதிய ஆங்கில வேதாகமத்தில் பேதுருவின் முதலாம் நிருபம் 5ஆம் அதிகாரம் 8ஆம் வசனத்தில் பிசாசு கெர்ச்சிக்கிற சிங்கம்போல் ப்ரௌல் பண்ணுகிறான் என்று இருக்கிறதாம். தமிழில் அதே இடத்தைப் பார்த்தால் 'வகைதேடிச் சுற்றித்திரிகிறான்' என்று இருக்கிறது. கேட்டவுடன் எனக்கு உடம்பு சிலிர்த்தது. வகைதேடி, சுற்றி, திரிவது: மூன்று சொல்லில் அந்த ஒரு சொல் முழுக்க அடங்கிவிட்டது. போய்ச் சேர ஓர் இடம் கிடையாது. என்ன அகப்படும் என்ற தேடல் இருக்கிறது. வட்டமிடுவதும் இருக்கிறது, அதனால்தான் ஆங்கிலத்தில் அதோடு 'அரவுண்ட்' ஒட்டிக்கொள்கிறது. இன்னொன்றையும் பாருங்கள், அந்தச் சிங்கம் கர்ச்சிக்கிறது. ஆக ப்ரௌலுக்கு மௌனம் கட்டாயமே இல்லை. வீட்டைச் சுற்றி ஒருவன் ப்ரௌல் பண்ணினான் என்றால் அவன் இன்னும் ஒன்றும் செய்யவில்லை, ஆனால் செய்யக்கூடும் என்ற பயம் அந்தச் சொல்லிலேயே இருக்கிறது. ஒரு மனிதரைப் பற்றி இதை எழுத முன்னம் நூறு தடவை யோசிக்க வேண்டும்.

லேர்க்கை (lurk) இந்தக் கூட்டத்தில் சேர்த்துப் படிப்பிப்பார்கள். அது நடப்பதே இல்லை. ஓரிடத்தில் மறைந்து கிடப்பது. பொழுதுபட்ட நேரம் வாவிக்கரைக் கண்ணா மரங்களுக்குள், கண்ணும் மூக்கும் மட்டும் தண்ணீருக்கு மேலே தெரியக் கிடக்கிற முதலையை நினைத்துக்கொண்டால் போதும்.

ஸ்டோக் (stalk) ஒரு பொறி. இரையின் பின்னால் அது அறியாமல் தொடர்ந்து போவது ஒரு பொருள். சிறுத்தை மானுக்குப் பின்னால் போவது அப்படி. ஒரு பெண்ணை விடாமல் பின்தொடர்ந்து தொல்லை கொடுப்பதற்கும் இதே சொல்தான், பல நாடுகளில் அது சட்டப்படி குற்றம். ஆனால் அதே சொல்லுக்கு, கோபத்தில் தலையை நிமிர்த்தி, விறைப்பாக விடுவிடென்று நடந்து போவது என்றும் பொருள் உண்டு. முற்றிலும் எதிர். கூட்டத்தில் இருந்து ஒருவர் ஸ்டோக் பண்ணி வெளியே போனார் என்று வாசித்தால், அவர் ஒளித்துப் போகவில்லை, எல்லாரும் பார்க்கட்டும் என்று போயிருக்கிறார். 'அவுட்' வந்தால் கோபம், பின்னால் ஓர் ஆளோ மிருகமோ வந்தால் வேட்டை. இப்படிப் பார்த்தால் அநேகமாகத் தப்பாது.

சைடில் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. ஏதோ கேட்க வேண்டும், நேராகப் போய்க் கேட்கக் கூச்சம், அதனால் பக்கவாட்டில் மெல்ல மெல்லக் கிட்ட வருவது. சைக்கிள் வாங்கித் தரச் சொல்லி அப்பாவிடம் வருகிற மகன் அப்படித்தான் வருவான். பின்னால் 'அப் டு' வரும்.

க்ரீப்பில் எனக்கு ஒரு தனிப் பிரியம், ஏனென்றால் அது யாரையும் குற்றம் சொல்லாமலும் நிற்கும். பயத்திலும் வரலாம், கவனத்திலும் வரலாம். உடம்பைத் தாழ்த்தி, பையப் பைய. உயிரில்லாதவற்றுக்கும் வரும். 2011 தை மாதம் மட்டக்களப்பை மூடிய வெள்ளத்தை இங்கே யாரும் மறக்க மாட்டார்கள். எங்கள் வீட்டில் மூன்று படி. காலையில் முற்றத்து மணலில் ஒரு பளபளப்பு மட்டும் தெரிந்தது. பத்து மணிக்கு முதல் படியின் விளிம்பில் ஒரு கோடு. அலை இல்லை, சத்தம் இல்லை. பார்த்துக்கொண்டிருந்தால் அசைவதாகவே தெரியாது. தேத்தண்ணி ஊற்றிவிட்டுத் திரும்பி வந்தால் கோட்டைக் காணவில்லை, இரண்டாவது படி நனைந்திருக்கும். அப்படி ஏறியதற்கு ஆங்கிலத்தில் க்ரெப்ட் என்ற சொல் இருக்கிறது. வெள்ளம் ஸ்னீக் பண்ணியது என்று சொன்னால் வெள்ளத்துக்கு ஏதோ கள்ள எண்ணம் இருந்த மாதிரி ஆகிவிடும். விலைவாசி ஏறுவதற்கும், வயது ஏறுவதற்கும், இருட்டு வருவதற்கும் இதே சொல்தான். ஒரு எச்சரிக்கை மட்டும்: பெயர்ச்சொல்லாக்கி ஒரு மனிதரை க்ரீப் என்று சொன்னால் அது வசை. அருவருப்பானவன் என்று அர்த்தம். 'க்ரீப் அப் ஆன்' என்றால் ஒருவருக்குத் தெரியாமல் பின்னால் நெருங்குவது, அது பயமூட்டுகிற சொல்.

இனி ஸ்டீல். திருடு என்று மூன்றாம் வகுப்பிலேயே படித்திருப்போம். ஆனால் அறைக்குள் ஒருவர் 'ஸ்டோல் இன்டு' என்று கதைகளில் வந்தால் ஒன்றும் களவு போகவில்லை, அவர் அரவமில்லாமல் நுழைந்தார். சத்தமின்றி மறைவாகச் செய்வதைக் குறிக்கும் ஸ்டெல்த் என்ற சொல்லும் இதோடு பிறந்ததுதான். இதைப் படித்த அன்றைக்கு எனக்கு மாமியின் ஞாபகம் வந்தது. எங்கள் தமிழிலும் அப்படியே இருக்கிறதே! களவு என்றால் திருட்டு. களவு என்றால் மறைவு. தொல்காப்பியத்தில் களவியல் என்று ஓர் இயலே இருக்கிறது, அதில் யாரும் எதையும் திருடவில்லை. ஊர் அறியாமல் இருவர் காதலிக்கிற ஒழுக்கத்துக்குத்தான் அங்கே களவு என்று பெயர். 'களவா எழும்பிப் போனேன்' என்று மாமி சொன்னபோது அவர் வாயில் இருந்தது அந்தப் பழைய களவு. ஆங்கிலத்தில் அதற்கு மிகக் கிட்ட நிற்பது 'ஸ்டோல் அவுட்'. கையில் ஸ்டீல் இருக்க நான் ஸ்னீக்கை எடுத்தேன்.

அப்படியென்றால் ஸ்டோல் அவுட் என்று எழுதியிருக்கலாமா என்று ஒரு பிள்ளை கேட்டாள். எழுதியிருக்கக் கூடாது என்றே இப்போதும் நினைக்கிறேன். அது கதைக்குரிய சொல், கொஞ்சம் பழைய மெருகு உள்ளது. ஒரு மனுசியின் வாழ்க்கையைப் பதிவு செய்கிற படிவத்தில், வாசிக்கிறவர் அவசரத்தில் 'திருடு' என்று எடுத்துக்கொள்ள ஒரு சதவீதம் இடம் இருந்தாலும் அதைத் தொடக் கூடாது. பொலிசில் முறைப்பாடு மொழிபெயர்ப்பவர்களுக்கும், வைத்தியசாலையில் நோயாளிக்காகப் பேசுகிறவர்களுக்கும், அகதி விண்ணப்பத்துக்குக் கதை எழுதிக் கொடுப்பவர்களுக்கும் நான் இதைக் கெஞ்சிக் கேட்பேன். அழகான வினைச்சொல்லைத் தேடாதீர்கள். போனார், சத்தமில்லாமல் போனார், இன்ன காரணத்துக்காகப் போனார் என்று பிரித்து எழுதுங்கள். காரணத்தை அவர் வாயால் சொன்னபடி எழுதுங்கள். அதற்குப் பிறகு தீர்ப்புச் சொல்கிற சொல்லுக்கு வேலையே இருக்காது.

இங்கே இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். எங்கள் தலைமுறைக்கு இரவில் அரவம் கேட்காமல் நடப்பது ஒரு குற்றத்தின் அடையாளமாக இருந்ததில்லை. யுத்தக் காலத்தில் விளக்கை அணைத்துவிட்டு, நாய் குரைக்காமல், பக்கத்து வீட்டுக்குப் போய்ப் பங்கருக்குள் இறங்கிய பிள்ளைகள் நாங்கள். குதிக்காலைத் தூக்கி நடக்க அம்மம்மாதான் பழக்கினார். அதனால் எங்கள் சனம் 'சத்தமில்லாமல் போனேன்', 'ஒளிச்சு வந்தேன்', 'களவா போனேன்' என்று சொல்லும்போது அதற்குள் உயிர்ப்பயம் இருக்கும், பிள்ளைப்பாசம் இருக்கும், சில நேரம் வெறும் பழக்கம் இருக்கும். வெளியில் இருந்து வாசிக்கிறவருக்கு அது தெரியாது. தெரியப்படுத்துவது மொழிபெயர்ப்பவரின் கடமை.

வகுப்பில் இப்போது சொற்பட்டியல் கொடுப்பதை விட்டுவிட்டேன். ஒவ்வொருவரும் கொப்பியில் ஒரு சொல்லுக்கு ஒரு பக்கம் ஒதுக்கி, அந்தச் சொல் வருகிற முழு வசனங்களை வாசிக்கும் இடத்தில் இருந்தெல்லாம் பொறுக்கி எழுத வேண்டும். பின்னால் வரும் சிறு சொல்லையும் சேர்த்து. பத்து வசனம் சேர்ந்தால் சொல்லின் குணம் தானாகத் தெரிந்துவிடும். அகராதி பார்ப்பதென்றால் ஆங்கிலம் கற்போருக்கென்று எழுதிய ஆங்கில அகராதியைப் பாருங்கள், அதில் ஏன் மறைகிறார் என்பதையும் சொல்லியிருப்பார்கள். எழுதும்போது எனக்குப் பழக்கமான கேள்வி ஒன்றுதான்: இவர் யாருடைய கண்ணுக்கு அல்லது காதுக்கு ஒளிக்கிறார், ஏன்? அதற்குப் பதில் தெரியாவிட்டால் தீர்ப்புச் சொற்களைத் தொடக் கூடாது. க்ரீப்பும் டிப்டோவும் 'குவயட்லி'யும் போதும்.

போன பெரும்போகம் முடிந்த நேரம் ஒரு பையன் கட்டுரை கொண்டுவந்தான். வாவிக்கு மேற்கே இருக்கிற படுவான்கரையில் இருந்து வருகிறவன். மண்டூரில் பாதை, அதாவது வாவியைக் கடக்கிற மிதவை, ஏறிக் குருமண்வெளியில் இறங்கி, அங்கிருந்து சைக்கிளில் வருவான். வேளாண்மை வெட்டி நெல்லை வீட்டில் அடுக்கியிருந்த ஓர் இரவு யானை வளவுக்குள் வந்ததைப் பற்றி எழுதியிருந்தான். யானை ஸ்லிங்க்ட் என்று முதல் வசனம்.

ஸ்லங்க் என்று திருத்திவிட்டு விட்டுவிடலாம். நான் பேனையை வைத்துவிட்டு, யானை எப்படி வந்தது என்று கேட்டேன்.

"சத்தமே இல்ல டீச்சர். அவ்வளவு பெரிய உடம்பு, ஒரு சுள்ளி முறிஞ்சது கேக்கல்ல. வேலிக் கம்பி இழுபட்ட சத்தத்திலதான் அப்பா எழும்பின."

யானையின் பாதத்துக்குள்ளே கொழுப்பாலான மெத்தை மாதிரி ஒன்று இருக்கிறது, பாரம் அதில் பரவுவதால்தான் அந்த மௌனம் என்று சொன்னேன். சரி, அது வெட்கப்பட்டதா, பயந்ததா? இல்லை என்றான். சுற்றிச் சுற்றித் தேடித் திரிந்ததா? இல்லை, நேரே நெல் இருந்த அறைச் சுவருக்கு வந்தது. யாராவது தடுப்பார்கள் என்று பார்த்துப் பார்த்து வந்ததா? கொஞ்சம் யோசித்தான். "இல்ல டீச்சர். அது முந்தி வந்து போற வழியாம், அப்பப்பா சொல்லுவார். அது தன்ட பாட்டில வந்தது."

"அப்ப நீங்க எல்லாரும் என்ன செய்தீங்க?"

"அம்மா தங்கச்சியைத் தூக்கினா. வாயப் பொத்திக்கிட்டு, நிலத்தோட நிலமா, பின்கதவால மாமாட வீட்டுக்குப் போனம். அப்பா கடைசியா வந்தார்."

கொப்பியை வாங்கிக்கொண்டு போய் மாமரத்தடியில் இருந்தான். கனநேரம் எழுதவில்லை, மணலைப் பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு முதல் வசனத்தை வெட்டிவிட்டு இரண்டு வசனம் எழுதிக் கொண்டுவந்து காட்டினான். யானைக்கு 'வோக்ட் இன்' என்று மட்டும் போட்டிருந்தான். அடுத்த வசனத்தில், அவனும் அம்மாவும் தங்கச்சியும் அப்பாவும் இருட்டில் பின்கதவால் போனதற்கு, க்ரெப்ட்.